விழப்போகிற பல்தானே?

குழந்தைக்கு முதல் பல் தலைகாட்டியதும் கொழுக்கட்டை அவிக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பல்லுக்கொழுக்கட்டை என்றால் உறவு கூடும் விழா. தேங்காய்ச் சொட்டைப் பல் போலக் கீறிப் பதித்து, குழந்தையை நடுவில் உட்காரவைத்துத் தலையில் சொரிவார்கள். தமிழ்நாட்டிலும் பல வீடுகளில் குட்டிக் குட்டியாகப் பிடித்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்தனுப்புவார்கள். ஆறேழு ஆண்டு கழித்து அந்தப் பல் விழுந்தால் அதற்கும் ஒரு சடங்கு உண்டு: சாணியில் பொதிந்து கூரைமேல் எறிய வேண்டும். வந்ததைக் கொண்டாடுகிறோம், போவதை வழியனுப்பியும் வைக்கிறோம். நடுவில், அந்தப் பல் வாயில் இருக்கும் ஆண்டுகளில்தான் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

விளைவு, எந்த ஊர்ப் பல் மருத்துவமனையிலும் காத்திருக்கும் வரிசையில் தெரியும். மூன்று வயது, நான்கு வயதுக் குழந்தைகள். மேல்வரிசை முன்பற்கள் நான்கும் கறுத்து, தேய்ந்து, ஈறோடு ஒட்டிய குச்சிகளாக நிற்கும். கடைவாயில் குழி. கன்னம் வீங்கிய பிறகு, குழந்தை இரவெல்லாம் அழுத பிறகு, சோற்றை வாயில் அதக்கி வைத்துக்கொண்டு விழுங்க மறுத்த பிறகுதான் தூக்கி வருகிறார்கள். அப்போதும் மருத்துவரிடம் முதலில் சொல்வது இதைத்தான்: "விழப்போற பல்லுதானே டாக்டர், அதுக்குப் போய் எதுக்கு இவ்வளவு?"

இந்த ஒரு வாக்கியம் நம் குழந்தைகளின் வாயைக் கெடுத்த அளவுக்கு எந்த மிட்டாயும் கெடுத்ததில்லை.

2002-03இல் இந்தியப் பல் மருத்துவ மன்றம் நடத்திய தேசிய வாய்நல ஆய்வு, ஐந்து வயதுக் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குச் சொத்தைப் பல் இருப்பதைக் காட்டியது. பெட்டிக்கடை வாசலில் ஐந்து ரூபாய்ப் பாக்கெட்டுகள் இந்த அளவுக்குச் சரம் சரமாகத் தொங்காத காலம் அது. உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கை, உலகெங்கும் 51 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பால்பல் சொத்தை இருப்பதாகக் கணக்கிட்டது. பாதிப் பிள்ளைகளுக்குக் கண்ணிலோ காதிலோ இப்படி ஒரு நோய் வந்திருந்தால் இந்நேரம் சட்டமன்றத்தில் கவன ஈர்ப்புத் தீர்மானம் வந்திருக்கும். பல் என்பதால் பேச்சில்லை.

பால்பற்கள் மொத்தம் 20. ஆறாம் மாதம் வாக்கில் கீழ்முன்பற்களில் தொடங்கி, மூன்று வயதுக்குள் எல்லாம் முளைத்துவிடும். முன்பற்கள் ஆறேழு வயதில் விழும் என்பது உண்மைதான். ஆனால் கடைவாய்ப் பால்பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டியவை. அவற்றை வைத்துத்தான் குழந்தை மெல்லுகிறது. பின்னால் வரப்போகும் நிலைத்த பல்லுக்கு இடம்பிடித்து வைப்பதும் அவைதான். பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல. துண்டை யாராவது எடுத்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்கார்ந்துவிடுவார். புதிய பல் வரும்போது இடமில்லாமல் கோணிக்கொண்டு முளைக்கும். சொத்தை வேர்வரை இறங்கிச் சீழ் பிடித்தால், அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைத்த பல்லின் கருவையே அது பாதிக்கலாம். பால்பல்லில் சொத்தை வந்த குழந்தைக்கு நிலைத்த பல்லிலும் வரும் வாய்ப்பு அதிகம். போதாததற்குப் பால்பல்லின் எனாமல், நிலைத்த பல்லின் எனாமலில் ஏறத்தாழப் பாதித் தடிமன்தான். உள்ளே நரம்பும் இரத்தக்குழாயும் இருக்கும் கூழறையோ பெரிது. அதனால்தான் பெரியவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் பரவும் சொத்தை, குழந்தைக்கு மாதக்கணக்கில் நரம்பைத் தொடுகிறது. இரண்டரை வயதுப் பிள்ளைக்கு மயக்க மருந்து கொடுத்து வேர்ச்சிகிச்சை செய்வதை ஒருமுறை பார்த்தவர்கள் "விழப்போற பல்லுதானே" என்று மறுபடி சொல்ல மாட்டார்கள்.

சொத்தையை இன்றும் பலர் பூச்சிப்பல் என்றே சொல்கிறோம். கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடிக்கவைத்து, "இதோ பார் பூச்சி" என்று காட்டுகிறவர்களை நம்பிய தலைமுறை நம்முடையது. விழுந்தது விதையிலிருந்து வெடித்த முளைக்கருதான். பல்லுக்குள் எந்தப் பூச்சியும் குடியிருப்பதில்லை. பல்மேல் படியும் கிருமிகள் சர்க்கரையைத் தின்று அமிலத்தைக் கக்குகின்றன. வாயின் பி.எச். அளவு 5.5க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். உமிழ்நீர் வந்து அமிலத்தைக் கழுவி, கரைந்த சுண்ணாம்புச் சத்தைத் திரும்பவும் பல்லில் சேர்க்கும். பகலில் இந்த ஏற்ற இறக்கத்தைப் பல் ஓரளவு தாங்கும். தூக்கத்தில் உமிழ்நீர் வற்றிவிடுகிறது. அந்த நேரத்தில் பால் புட்டியை வாயில் வைத்தபடி தூங்கும் குழந்தையின் மேல்முன்பற்கள் இரவு முழுக்கச் சர்க்கரைப் பாலில் ஊறுகின்றன. கீழ்ப்பற்களை நாக்கு மூடிக்கொள்வதால் அவை பெரும்பாலும் தப்பிவிடும். மேலே நாலும் கறுத்து, கீழே நாலும் வெளுத்து இருந்தால், அந்த வீட்டு இரவு எப்படி நடக்கிறது என்று கேட்காமலே மருத்துவருக்குத் தெரிந்துவிடும்.

புட்டிப்பாலை மட்டும் குற்றம் சொல்லவில்லை. பாலில் கலக்கும் சத்துமாவுப் பவுடர், பாலில் தோய்த்த பிஸ்கட், அழுகையை அடக்க ரப்பர் நிப்பிளில் தடவும் தேன், இனிப்பான இருமல் மருந்து எல்லாம் இதே கணக்கில் சேரும். புட்டிக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்று 1992ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. ஆனாலும் குழந்தை பிறந்த வீட்டுக்குப் பார்க்கப் போகிறவர்கள் வாங்கிச் செல்லும் பரிசுப் பெட்டியில் புட்டி இருக்கிறது. தாய்ப்பாலுக்கு வந்தால் கவனமாகப் பேச வேண்டும். இரண்டு வயது வரையோ அதற்கு மேலோ தாய்ப்பால் கொடுப்பது நல்லது. அதை நிறுத்தச் சொல்ல எவருக்கும் உரிமையில்லை. பல் முளைத்து, மற்ற உணவும் தொடங்கிய பிறகு, இரவெல்லாம் விட்டு விட்டுப் பால் குடிக்கும் குழந்தைக்குப் படுக்கும் முன் பல் தேய்த்துவிடுவது கூடுதல் அவசியம் என்பதே சேதி.

இதற்கெல்லாம் மருந்து ஒன்றும் பெரிதல்ல. இரவில், படுக்கும் முன், ஒரு பெரியவர் கையால் இரண்டு நிமிடம். இந்தச் சொற்களில் நம் வீடுகள் தோற்பது இரண்டு இடத்தில்: "இரவில்", "பெரியவர் கையால்".

தமிழர் பல் துலக்குவதில் குறைந்தவர்கள் அல்ல. ஆலங்குச்சி, வேலங்குச்சி, உமிக்கரி, உப்பு, பிறகு ரோஸ் நிறப் பல்பொடி, இப்போது பற்பசை என்று நமக்கு நீண்ட மரபு இருக்கிறது. பல் விளக்காமல் காப்பி குடிப்பவரை வீட்டில் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்போம். ஆனால் அது முழுக்கக் காலைச் சடங்கு. நாளைத் தொடங்குவதற்கான தூய்மை. இரவுக்கு அதில் இடமில்லை. இரவில் குழந்தைக்கு நாம் வைத்திருக்கும் சடங்கு "பாலைக் குடிச்சிட்டுப் படு" என்பது. அதை நிறுத்த வேண்டாம். வரிசையை மாற்றினால் போதும்: பால், பிறகு பிரஷ், பிறகு படுக்கை. பிரஷுக்குப் பிறகு தண்ணீர் தவிர வேறெதுவும் கிடையாது. காலைத் துலக்கலை ஒருநாள் தவறவிட்டால்கூடப் பரவாயில்லை, இரவுத் துலக்கலைத் தவறவிடக் கூடாது. இதைக் கேட்டால் பாட்டிகளுக்குக் கோபம் வரும், வரட்டும்.

அடுத்தது கை. மூன்று வயதில் பொம்மை போட்ட பிரஷை வாங்கிக் கொடுத்து, "எங்க பையன் தானே தேய்ச்சுக்குவான்" என்று பெருமைப்படுகிறோம். அவன் தேய்ப்பதில்லை, கடிக்கிறான். இனிப்புப் பசையைச் சப்பிவிட்டு, தண்ணீரைத் துப்பி விளையாடுகிறான். நாரெல்லாம் ஒரு மாதத்தில் விரிந்து நிற்பதே சாட்சி. பல்லின் உள்பக்கமும் கடைசி மூலையும் தேய்க்கத் தேவையான கை நுட்பம் ஏழெட்டு வயதில்தான் வருகிறது. சட்டைப் பொத்தானைத் தானே போட்டு, ஷூ நாடாவைத் தானே கட்டி, கோட்டுக்குள் எழுதப் பழகும் வரை பிரஷ் பெரியவர் கையில்தான் இருக்க வேண்டும். முதல் சுற்று அவன் ஆசைக்குத் தேய்க்கட்டும். கடைசிச் சுற்று அம்மாவோ அப்பாவோ. அப்பா என்பதை அழுத்தியே எழுதுகிறோம். அடுக்களையை ஒழித்துவிட்டு வரும் தாய்க்கு இரவு ஒன்பதரை மணிக்கு இன்னொரு வேலையைச் சேர்ப்பதற்காக இந்தத் தலையங்கம் எழுதப்படவில்லை.

எப்படித் தேய்ப்பது என்று கேட்டால், நம் பாட்டிமார் கைவசம் இருந்த வித்தையே போதும். காலை நீட்டி உட்கார்ந்து, பச்சைக் குழந்தையைக் கால்மேல் போட்டு, கண்ணில் எண்ணெய் படாமல், காதில் தண்ணீர் போகாமல் குளிப்பாட்டிய கைகள் அவை. அதேபோலக் குழந்தையின் தலையை மடியில் வைத்து முகம் மேல்நோக்கியிருக்கப் படுக்கவைத்தால் வாய் முழுக்கத் தெரியும். கண்ணாடி முன்னால் நிற்கவைத்துப் பின்னாலிருந்து தேய்ப்பதைவிட இது எளிது. ஒரு விரலால் உதட்டைத் தூக்கி, ஈறும் பல்லும் சேரும் விளிம்பில் மென்மையான சிறிய பிரஷைச் சாய்த்து வைத்துச் சின்னச் சின்னதாக அசைக்க வேண்டும். அழுத்தித் தேய்க்கப் பாத்திரமல்ல அது. முதல் பல் முளைத்த அன்றே, கொழுக்கட்டை அவித்த அன்றே, இது தொடங்கலாம்.

அழுமே என்பார்கள். அழும்தான். தலைக்குக் குளிப்பாட்டும்போதும் அழுகிறது, தடுப்பூசி போடும்போதும் அழுகிறது, அதற்காக விட்டுவிடுகிறோமா? அழும் குழந்தையின் வாய் திறந்திருக்கிறது என்பது தேய்க்கிறவருக்குக் கிடைக்கும் ஒரு அனுகூலம். இரண்டு வாரம் விடாமல், அதே நேரத்தில், அதே இடத்தில், அதே பாட்டோடு செய்தால் பெரும்பாலான பிள்ளைகள் படிந்துவிடுவார்கள். அண்ணன், அக்கா தேய்ப்பதைப் பார்த்தால் இன்னும் சீக்கிரம். "தேய்க்காட்டி டாக்டர் ஊசி போட்டுடுவார்" என்று மட்டும் மிரட்ட வேண்டாம். அந்தப் பிள்ளையைப் பிறகு பல் நாற்காலியில் உட்காரவைக்க மூன்று பேர் வேண்டியிருக்கும்.

பற்பசையில் குழப்பம் இன்னும் அதிகம். சொத்தையைத் தடுப்பது பசையில் இருக்கும் ஃபுளூரைடு. அதன் அருமை கருதித்தான் உலக சுகாதார நிறுவனம் 2021இல் ஃபுளூரைடு பற்பசையை இன்றியமையா மருந்துகளின் பட்டியலிலேயே சேர்த்தது. இந்தியாவில் பத்து லட்சத்துக்கு 1,000 பங்கு வரை ஃபுளூரைடு இருக்கலாம் என்பது விதி; சொத்தையைத் தடுக்க அந்த அளவே வேண்டும். குழந்தைகளுக்கென்று ஸ்ட்ராபெரி வாசனையோடு விற்கும் பசைகள் சிலவற்றில் இதில் பாதிதான் இருக்கிறது. சிலவற்றில் ஃபுளூரைடே இல்லை. "விழுங்கினாலும் ஆபத்தில்லை" என்ற வரியைப் பார்த்து வாங்கும் பெற்றோருக்கு, அந்தப் பசை பல்லைக் காப்பாற்றவும் போவதில்லை என்று யாரும் சொல்வதில்லை. தீர்வு அளவில் இருக்கிறது. மூன்று வயதுக்குள் ஒரு அரிசி மணி அளவு பூசினால் போதும். அவ்வளவை விழுங்கினாலும் கவலையில்லை. மூன்றிலிருந்து ஆறு வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் பிரஷின் நீளத்துக்கு அலை அலையாகப் பிழிகிறார்களே, அது குழந்தைக்கல்ல, விற்பனைக்கு. தேய்த்து முடித்ததும் நுரையைத் துப்பினால் போதும். சொம்பு சொம்பாகக் கொப்பளித்தால் பல்லில் தங்க வேண்டிய ஃபுளூரைடும் கழுவப்பட்டுவிடும். கொப்பளிக்காமல் விடுவது தமிழருக்குக் கடினம் என்பது தெரிந்தே சொல்கிறோம்.

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தார் இந்த இடத்தில் நியாயமாகவே தயங்குவார்கள். நிலத்தடி நீரின் மிகையான ஃபுளூரைடு அங்கே தலைமுறை தலைமுறையாகப் பல்லில் பழுப்புக் கறை ஏற்றியிருக்கிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். ஆழ்துளைக் கிணற்று நீரையே இன்னும் குடிக்கும் வீடுகள், பசையின் அளவைப் பல் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்வது நல்லது. மற்ற ஊர்க்காரர்கள் அந்த அச்சத்தை இரவல் வாங்க வேண்டியதில்லை.

வீட்டைச் சொன்னோம். அரசையும் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் இருக்கின்றன. இரண்டு வயதிலிருந்தே பிள்ளைகள் அங்கே வருகிறார்கள், மதியம் சாப்பிடுகிறார்கள். மூன்று வயதுக்குட்பட்டோருக்கு அரசே தரும் சத்துமாவில் வெல்லம் இருக்கிறது. அது வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அந்த மாவால் எழுந்து நடந்த பிள்ளைகள் ஏராளம். சோறு போடும் அரசு, சாப்பிட்ட பல்லைத் துலக்கவும் ஒரு பிரஷ் கொடுக்கலாம் என்கிறோம். அரிசி மணி அளவுப் பசை ஏறத்தாழ 0.1 கிராம். எல்லோருக்கும் அந்த அளவே என்றால், 25 பிள்ளைகள் உள்ள மையத்துக்கு 100 கிராம் குழாய் ஒன்று நாற்பது நாள் வரும்; மூன்று வயதைத் தாண்டியோருக்குப் பட்டாணி அளவு என்றால் இன்னும் சீக்கிரம் தீரும், அவ்வளவுதான். ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு நாலு பிரஷ். இதற்கு உலக வங்கிக் கடன் வேண்டியதில்லை.

ஸ்காட்லாந்து இதைச் செய்துகாட்டியிருக்கிறது. அங்கே மழலையர் பள்ளிகளில் நாள்தோறும் ஆசிரியர் கண்காணிப்பில் ஃபுளூரைடு பசையால் பல் தேய்க்கும் வழக்கத்தை ஏற்படுத்தினார்கள். 'சைல்ட்ஸ்மைல்' என்று பெயர். 2003இல் முதல் வகுப்புக் குழந்தைகளில் 45 சதவீதம் பேருக்குத்தான் கண்ணுக்குத் தெரியும் சொத்தை இல்லாமலிருந்தது. 2022இல் அது 73 சதவீதம். இனிப்பைக் கைவிட்ட நாடல்ல அது. எண்ணெயில் பொரித்த சாக்லேட்டுக்குப் பேர்போன நாடு.

நம்மிடமும் திட்டங்கள் இல்லாமலில்லை. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வர வேண்டும். அவர்கள் தேட வேண்டிய நோய்ப் பட்டியலில் சொத்தைப் பல்லும் உண்டு. ஆனால் கண்டுபிடிப்பதுதான் அவர்கள் வேலை; வராமல் தடுப்பது அல்ல. தமிழக அரசு 2023இல் தொடங்கிய 'புன்னகை' பல் பரிசோதனைத் திட்டம் ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கானது. நல்ல திட்டம். ஆனால் ஆறாம் வகுப்பில் பால்பல்லின் கதை ஏறத்தாழ முடிந்துவிட்டது. அதற்குள் கெட்டது கெட்டதுதான். அந்தத் திட்டம் அப்படியே பத்து ஆண்டு கீழே இறங்கி வர வேண்டும்.

இறங்கி வர வழி ஏற்கெனவே போட்டிருக்கிறது. ஒன்பது மாதம் முடிந்ததும் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி. இரண்டாம் தவணை 16 முதல் 24 மாதத்துக்குள். இந்த இரண்டு நாளிலும் தமிழ்நாட்டில் ஏறக்குறைய ஒவ்வொரு குழந்தையும் ஒரு செவிலியர் முன்னால் வருகிறது. முதல் நாளில் முன்பற்கள் முளைத்திருக்கும். இரண்டாம் நாளில் கடைவாய்ப் பற்கள் வரத் தொடங்கியிருக்கும். செவிலியர் மேலுதட்டைத் தூக்கிப் பார்க்கப் பத்து நொடி ஆகும். ஈறை ஒட்டிச் சுண்ணாம்புக் கோடு போட்டது போல வெள்ளை தெரிந்தால் அதுதான் சொத்தையின் முதல் எச்சரிக்கை. அந்தக் கட்டத்தில் ஃபுளூரைடும் ஒழுங்கான துலக்கலும் அதைத் திருப்பிவிடும். துளைக்கவோ அடைக்கவோ வேண்டாம். பழுப்பாகிக் குழி விழுந்த பிறகு திருப்ப முடியாது. தாய்-சேய் நல அட்டையில் எடைக்கும் உயரத்துக்கும் கட்டம் இருக்கிறது. பல்லுக்கும் ஒரு கட்டம் போடுங்கள். தனியார் பல் மருத்துவக் கல்லூரிகள் இந்த மாநிலத்தில் நிறையவே இருக்கின்றன; அங்கே பயிற்சியில் இருக்கும் இளம் மருத்துவர்களை ஆளுக்குச் சில அங்கன்வாடிகளுக்குப் பொறுப்பாக்க ஓர் அரசாணை போதும். குழந்தைப் பற்பசைக் குழாயில் ஃபுளூரைடு எவ்வளவு என்பதைக் கண்ணுக்குத் தெரியும் எழுத்தில், தமிழில் அச்சிடச் சொல்ல இன்னோர் ஆணை. இந்த அரசு செய்யுமா? காலை உணவுத் திட்டத்தை 2022இல் தொடங்கிய மாநிலத்துக்கு, பசியோடு வரும் பிள்ளையின் வாயைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை என்று நம்புகிறோம்.

ஆணைகள் வரும்வரை பல் காத்திருக்காது. ஆறு வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால், கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால் இந்நேரம் ஒரு பெரிய பல் எட்டிப்பார்த்துக்கொண்டிருக்கும். எந்தப் பல்லும் விழாமல் முளைப்பதால் அதையும் பால்பல் என்றே நினைத்துவிடுகிறோம். அது ஆயுசுக்கும் இருக்க வேண்டிய பல்.

அதைவிடச் சிறிய பிள்ளை இருந்தால், இன்றிரவு அது தூங்குவதற்கு முன் விளக்கடியில் மடியில் கிடத்தி, மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். வெள்ளைக் கோடு தெரிந்தால் நாளைக்கே பல் மருத்துவரிடம் போங்கள். தெரியாவிட்டால் பிரஷை எடுங்கள்.